நாலு இழை

குலசிங்கத்துக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். வேலணையில் இது தெரியாதவர்கள் இல்லை. ஆள் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கழன்றுவிடுவது நல்லது. அன்று காலை தன்னுடைய சாம்பல் நிறக் காரை மணல் ஏற்றும் ரக்ரரில் கட்டி இழுத்துக்கொண்டு சசிகரனின் கடை வாசலுக்கு வந்தபோது, அவர் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சசி, வந்து பாரடாப்பா இந்தக் கூத்தை. என்ரை காருக்கு ஆரோ இரவு தலைமயிர் வெட்டி விட்டிருக்கிறாங்கள்."

சசிகரன் வங்களாவடிச் சந்திக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் வாகனங்களுக்கு வயர் வேலை செய்பவன். கை சுத்தம், வாய் குறைவு. பயந்த ஆள் என்றும் ஊரில் ஒரு பெயர் இருந்தது. கரண்டோடு சீவிக்கிறவன் பயந்தவனாய் இருந்தால்தானே நல்லது என்று அவனே சில வேளை சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அன்று வரவில்லை. காரின் கதவைத் திறந்து, ஸ்ரேரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, ரோர்ச் வெளிச்சத்தை மேலே அடித்துப் பார்த்தான்.

வயர்க் கட்டு முழுவதும் குறுக்காக வெட்டப்பட்டிருந்தது. சிவப்பு, கறுப்பு, பச்சை, நீலம் என்று எல்லாம் இரண்டு பக்கமும் தொங்கின. வெட்டினவன் அவசரத்தில் வெட்டியிருக்கவில்லை. பிடித்துப் பிடித்து, ஒவ்வொன்றாய், ஆசை தீர வெட்டியிருந்தான். சசிகரன் ஒரு நுனியை விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு இன்னொன்றை. ஒவ்வொரு வயரின் வெட்டு வாயிலும் ஒரேயொரு செப்பிழை மட்டும் வெட்டுப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

வெட்டினது அவனுடைய கட்டர். சைக்கிள் கம்பி ஒன்றை அசட்டையாய் வெட்டப் போய் அதன் வாயில் ஒரு சின்னப் பல் உடைந்திருந்தது. அன்றிலிருந்து அந்தக் கட்டரால் எதை வெட்டினாலும் ஓர் இழை மிஞ்சும், இழுத்துத்தான் அறுக்க வேண்டும். முதல் நாள் பின்னேரம், வேலிக் கம்பி வெட்ட வேணும் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போனவன் அவனுடைய தம்பி சுஜிதன்.

சுஜிதன் அல்லைப்பிட்டியில் இருந்தான். தாய்வழிக் காணி. கடற்கரைக்குக் கிட்ட ஒரு நல்ல தண்ணிக் கிணறு, அதை நம்பி மிளகாயும் கத்தரியும். தீவுப் பகுதியில் நல்ல தண்ணிக் கிணறு வைத்திருப்பவன் மாடி வீடு வைத்திருப்பவனை மதிக்க மாட்டான், அப்படிப்பட்ட சொத்து அது. அந்தக் காணிக்குப் பின்னால் குலசிங்கம் மணல் அள்ளத் தொடங்கினார். முதலில் ஒரு ரக்ரர், பிறகு மூன்று. மணல் போகப் போகக் கடல் உள்ளே வந்தது. போன வருசம் கிணற்றுத் தண்ணீர் கரித்தது, இந்த வருசம் வாயில் வைக்க ஏலாமல் போனது. மிளகாய்க் கன்றுகள் நின்ற நிலையில் கருகின. சுஜிதன் ஏறாத படி இல்லை. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், அவன் பறித்துக் கொடுத்த இளநீரைக் குடித்தார்கள், போனார்கள். ரக்ரர்கள் மட்டும் நிற்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் விசரன் இப்படிச் செய்திருக்கிறான். சசிகரனுக்கு அவன் மேல் ஆத்திரமும் பாசமும் ஒன்றாய்ப் பொங்கின. வெட்டினதுதான் வெட்டினாய், என்ரை கட்டரையே ஏன்ரா கொண்டு போனாய்?

"என்ன கண்டுபிடிச்சனி?" குலசிங்கம் குனிந்து கேட்டார்.

"எலி கடிச்சிருக்கும் போலை கிடக்கு அண்ணை."

குலசிங்கம் இன்னும் பெலத்துச் சிரித்தார். அவரோடு வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். "எலிக்கு இப்ப கட்டரும் குடுத்து விட்டிருக்கிறாங்களோ? ஒட்டு, ஒட்டு. முதலிலை கார் ஓடட்டும். பிறகு எலியைப் பிடிப்பம்."

சசிகரன் சோல்டரிங் அயனைச் சூடாக்கப் போட்டான். மெல்ல மெல்ல வேலை செய்வது, சாப்பாட்டுக்குப் போவதாய்ச் சொல்லி வெளியே வந்து தம்பிக்குப் போன் அடிப்பது, அடுத்த பஸ்ஸில் அவனை வவுனியாவில் மாமன் வீட்டுக்கு ஏற்றிவிடுவது. இவ்வளவும் மனதில் ஒழுங்காகத்தான் இருந்தது. இரண்டு வயரை ஒட்டி முடிக்கும் முன்பே ஜெயரூபன் மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினான். குலசிங்கத்தின் கார் ஓட்டுகிறவன் அவன். கையில் போன். குலசிங்கத்தின் முன்வீட்டுக்காரன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் பூட்டிய கமெரா, கார் நின்ற ஒழுங்கையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. படத்தில் ஒரு கட்டம் போட்ட சாரம், கார் யன்னலுக்குள் பாதி உடம்பு. பிறகு அந்த உடம்பு வெளியே வந்து நிமிர்ந்து கமெராவை நேரே பார்த்தது.

குலசிங்கத்தின் சிரிப்பு நின்றது. அது சிரிப்பை விட மோசம்.

சசிகரன் காருக்குள் தலையும் வெளியே காலுமாய்க் கிடந்தான். அந்த இரண்டு காலையும் பிடித்து ஒரே இழுவையில் வெளியே இழுத்தார்கள். கதவுப்படி முதுகை உரித்தது, பின்தலை நிலத்தில் அடிபட்டது. எழும்ப முன் குலசிங்கத்தின் செருப்புக் கால் நெஞ்சில் ஏறியது. ஜெயரூபன் அவன் சேட்டுப் பையிலிருந்த போனை எடுத்து நிலத்தில் போட்டு, பக்கத்தில் கிடந்த கார் பற்றறியைத் தூக்கி அதன் மேல் போட்டான்.

"எலி, என்ன? என்னட்டையே எலிக்கதை விடுறாய்?"

"எனக்குத் தெரியாதண்ணை. சத்தியமாத் தெரியாது."

குலசிங்கம் மேசையில் சூடாகிக் கிடந்த சோல்டரிங் அயனை எடுத்தார். அதன் நுனியைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவசரப்படாமல், சசிகரனின் இடது முழங்கைக்குக் கீழே அதை வைத்து அழுத்தினார். தோல் சத்தம் போட்டது. இரண்டு பேர் தோளில் முழந்தாளைக் குற்றிப் பிடித்திருந்தார்கள். சந்தியில் போன மனிசர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரிப் போனார்கள். சசிகரன் கத்தினான்.

"இப்ப கேள்" என்றார் குலசிங்கம். "மிச்ச வயரையும் நீதான் ஒட்டப்போறாய். நீ ஒட்டின காரிலை போய்த்தான் உன்ரை தம்பியின்ரை கையை எடுக்கப்போறன். வயரை வெட்டின அந்தக் கையை."

"ரக்ரரிலை போவமே அண்ணை?" என்று ஒருவன் கேட்டான்.

"ரக்ரரிலை போய் ஆளை வெட்டினனெண்டால் ஊர் என்னை வைச்சுச் சிரிக்கும். என்ரை காரைத் தொட்டவனிட்டை என்ரை காரிலைதான் போவன்."

ஆளை வெட்டுவதிலும் ஒரு மரியாதை பார்க்கிற மனிசன். சசிகரன் எழும்பி, எரிந்த கையோடு திரும்பவும் ஸ்ரேரிங்குக்குக் கீழே போனான்.

அவனுடைய ஒட்டுக்குத் தீவு முழுக்க ஒரு பேர் உண்டு. நெடுந்தீவில் வண்டி நின்றாலும் படகில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் இரண்டு நுனியையும் முறுக்கி ரேப் சுற்றிவிட்டுக் காசு வாங்குவார்கள். உப்புக்காற்றில் அது பச்சை பூத்து ஆறு மாதத்தில் அறும். சசிகரன் தோலைச் சீவி, இழைகளை ஒன்றோடொன்று நெருக்கிச் சுற்றி, இழுத்துப் பார்த்து, பிறகுதான் ஈயம் வைப்பான். ஈயம் ஆறினதும் திரும்பவும் ஒருக்கால் இழுத்துப் பார்ப்பான். அந்த இரண்டாவது இழுவையில் கழன்ற ஒட்டு இன்று வரை இல்லை.

ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அன்றும் அப்படித்தான் ஒட்டினான். அந்த ஒன்று, வெள்ளைக் கோடு போட்ட நீல வயர். பெற்றோல் பம்புக்குக் கரண்ட் போவது அதில். அது அறுந்தால் எஞ்சினுக்குப் பெற்றோல் வராது, கார் இரண்டு மூன்று இடறு இடறி நின்றுவிடும். அந்த வயருக்குள் முப்பது இழையாவது இருக்கும். சசிகரன் பிளேட்டை எடுத்து இரண்டு இழையை மட்டும் விட்டு மற்றவற்றை அடியோடு அரிந்தான். இரண்டு இழையையும் ஒன்றோடொன்று கொளுவினான். ஈயம் வைக்கவில்லை, இழுத்தும் பார்க்கவில்லை. கார் நின்ற இடத்தில் ஸ்ராட் ஆகும், கொஞ்சத் தூரம் ஓடும். பிறகு இழை சூடேறும். வேலணைக்கும் அல்லைப்பிட்டிக்கும் நடுவில், பனங்காணியைத் தவிர ஒன்றுமில்லாத அந்த நீட்டு றோட்டின் ஏதாவது ஒரு பள்ளத்தில் அது அறும்.

அறுந்த பிறகு எவனும் இழுத்து முறுக்கிவிடக் கூடாது என்று ஒட்ட முன்பே இரண்டு பக்கமும் வயரைக் கட்டையாய் வெட்டியிருந்தான். ஒட்டை மற்ற வயர்களுக்கு நடுவில் புதைத்து, மேலே சுற்றுச் சுற்றாய் ரேப் இறுக்கி, ஸ்ரேரிங்கின் அடிமூடியைப் போட்டு ஆணி முறுக்கினான். உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒருவரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவன், இரண்டு இழையால் குலசிங்கத்தை எதிர்த்துவிட்டான்.

ஜெயரூபன் திறப்பைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. குலசிங்கம் சசிகரனின் கன்னத்தில் செல்லமாய்த் தட்டினார்.

"வேலைகாரனெண்டால் நீதான்ரா. ஏறு காரிலை."

"நான் என்னத்துக்கு அண்ணை?"

"வழியிலை நிண்டால் ஆர் பாக்கிறது? நிண்டுதெண்டு வை, பிறகு உன்ரை தம்பி வரைக்கும் போகத் தேவையில்லை. கிட்ட இருக்கிறவனிலை தொடங்குவம்."

ஒருவன் டிக்கியைத் திறந்து உரப்பை ஒன்றை எடுத்தான். உள்ளே மூன்று வாள்கள். லொறி வில்லுத்தகட்டை அடித்துச் செய்தவை, பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தது. அவன் அவற்றைப் பின்சீற்றுக் காலடியில் வைத்தான். நடுவில் சசிகரன் இருக்க வேண்டிய இடம்.

சசிகரன் அந்த இடத்தைப் பார்த்தான். பனங்காணி நடுவில் கார் இடறி நிற்பதைப் பார்த்தான். தன்னைக் கதவால் இழுத்துப் போடுவதைப் பார்த்தான்.

"ஒருக்காப் பொறுங்கோ அண்ணை" என்றான். "ஒரு ஒட்டு எனக்குத் திருப்தியில்லை."

திரும்பவும் கீழே போனான். மூடியைக் கழற்றி, ரேப்பை உரித்து, நீல வயரை எடுத்து, தோலை இன்னும் கொஞ்சம் சீவினான். இந்த முறை நாலு இழை விட்டான். நாலும் அறும், ஆனால் பிந்தி அறும், அல்லைப்பிட்டிக்குக் கிட்டப் போய் வீடு வாசல் உள்ள இடத்தில் அறும், நாலு சனம் பார்க்கிற இடத்தில் என்னை வெட்ட மாட்டார்கள், தம்பிக்கும் சத்தம் கேட்கும். இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொன்னான். நியாயம் நல்லாய்த்தான் இருந்தது. உண்மை என்னவென்றால் அவனுக்குப் பயம். உயிர்ப் பயம்.

கார் புறப்பட்டது. இரண்டு தடியன்களுக்கு நடுவில் சசிகரன் குந்தியிருந்தான். காலடியில் வாள்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அவன் காது முழுக்க எஞ்சினில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நில்லடா என்று மனம் கெஞ்சியது, அதே மனம் அதே நேரத்தில் நில்லாதே என்றும் கெஞ்சியது. பனங்காணிகள் போயின. எருமை மாடு ஒன்று றோட்டைக் கடந்தபோது ஜெயரூபன் சடாரென்று பிறேக் அடித்தான், கார் குலுங்கியது, எஞ்சின் நிற்கவில்லை. அல்லைப்பிட்டித் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. அப்போதும் நிற்கவில்லை.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கிறாய்" என்றார் குலசிங்கம் திரும்பிப் பாராமல்.

சுஜிதன் கிணற்றடியில் நின்றான். கப்பியில் வாளி தொங்கியது. தன் கையால் வெட்டின கார் தன் படலைக்குள் ஓடி வந்து நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் விறைத்தது. ஓடியிருக்கலாம். பின்வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டு இருந்தது, பொட்டுக்கு அங்கால் பனங்காடு. ஆனால் பின்கதவு திறந்தது. முதலில் இறக்கிவிடப்பட்டவன் சசிகரன்.

தமையனைக் கண்டதும் சுஜிதனின் தோள் இளகியது. அண்ணை கூட வந்திருக்கிறார், கதைத்துப் பேசி முடிக்கக் கூட்டி வந்திருக்கிறார் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெட்கச் சிரிப்போடு காரை நோக்கி நடந்து வந்தான்.

"ஓடடா!" என்று சசிகரன் கத்தினான். "டேய், ஓடு!"

பின்னாலிருந்து ஒருவன் அவன் வாயில் குத்தினான். பல் உதட்டுக்குள் இறங்கியது. குலசிங்கம் அவனைக் கடந்து போனார். வாள் உயர்ந்ததைக் கண்டு சுஜிதன் தலையை மறைக்க வலது கையைத் தூக்கினான். விறகு கொத்தும் சத்தந்தான் கேட்டது. கை மணிக்கட்டுக்கு மேலே பிளந்து ஒரு பக்கம் தொங்கியது. அவன் அதை மற்றக் கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு ஆச்சரியமாய்ப் பார்த்தான்.

சசிகரன் தன்னைப் பிடித்திருந்தவனைக் கடித்து உதறிவிட்டுப் பாய்ந்தான். குலசிங்கத்தின் தோளில் தொங்கினான். முழங்கையால் ஒரு இடி முகத்தில் விழ, கிணற்றுக்கட்டில் போய் மோதினான். அதற்குள் ஜெயரூபனின் வாள் கீழிருந்து வீசப்பட்டு சுஜிதனின் தொடையில் இறங்கியது. சுஜிதன் விழுந்தான். அப்போதுதான் அவன் முதன்முதலாய்க் கத்தினான்.

பக்கத்து வளவில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்த அன்ரனிட்டாவின் குரல் அதை விடப் பெலமாய் எழுந்தது. கரையில் படகு இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் படகு வலிக்கிற சவளோடும் கம்போடும் ஓடிவந்தார்கள். முதல் கல் காரின் முன்கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது கல் ஜெயரூபனின் காதில் பட்டது. காரில் ஏற வழியில்லாமல் நாலு பேரும் பின்வேலியைப் பிய்த்துக்கொண்டு மணல் அள்ளின கிடங்குப் பக்கம் ஓடினார்கள். சனம் துரத்திக்கொண்டு போனது. திறப்பு காரிலேயே கிடந்தது. ஒரு வாள் கதவடியில் கிடந்தது.

"தூக்கு தம்பி, காரிலை ஏத்து!" அன்ரனிட்டா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து சுஜிதனின் கையை இறுக்கிக் கட்டினாள். பின்சீற்றில் ஏறி அவன் தலையை மடியில் வாங்கினாள். மீன் வெட்டிப் பழகிய மனிசி, இரத்தத்துக்குப் பயப்படவில்லை. "பெரியாஸ்பத்திரிக்கு விடு. ஓடு, ஓடு!"

சசிகரன் ஸ்ரேரிங்கில் இருந்தான். நாலு இழை அவன் நினைவில் இருந்ததா என்றால், இருந்தது. மறந்துவிட்டான் என்று சொன்னால் பொய். திறப்பைத் திருப்பும்போதே அது நெஞ்சில் குத்தியது. ஆனால் வேறு வாகனம் இல்லை. மூடியைக் கழற்ற நேரமில்லை, கையில் ஒரு ஆணி முறுக்கி கூட இல்லை. வரும்போது தாங்கினது போகும்போதும் தாங்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு விட்டான்.

உடைந்த கண்ணாடிக்குள்ளால் காற்று முகத்தில் அடித்தது. மண்டைதீவுச் சந்தி போனது. "கையிலை இரத்தம் நிண்டிட்டுது" என்றாள் அன்ரனிட்டா பின்னாலிருந்து. கொஞ்சம் பொறுத்து, "ஐயோ மாதாவே, தொடை. சாரத்துக்குள்ளை பாய்ஞ்சு கொண்டு கிடக்கு தம்பி, சீற்றெல்லாம் இரத்தம்" என்றாள். கார் பண்ணைத் தாம்போதி றோட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல், தூரத்தில் யாழ்ப்பாண ரவுண். சசிகரன் முழு வேகமாய் அழுத்தினான்.

கார் ஒரு இடறு இடறியது. இன்னொன்று. பிறகு சத்தம் அடங்கி, தன் பாட்டில் உருண்டு, தாம்போதி நடுவில் நின்றது.

அவன் திறப்பைத் திரும்பத் திரும்பத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்து றோட்டில் முழந்தாளிட்டு, தலையை ஸ்ரேரிங்குக்குக் கீழே விட்டான். தான் ஆணி போட்டு இறுக்கிய மூடி. விரலைக் கொடுத்து இழுத்தான், நகம் பிய்ந்தது, மூடி உடைந்து வந்தது. தான் சுற்றுச் சுற்றாய் இறுக்கிய ரேப். பல்லால் கடித்துக் கிழித்தான், உடைந்த உதட்டு இரத்தம் அதில் வழுக்கியது. வெள்ளைக் கோடு போட்ட நீல வயர் இரண்டாய்க் கிடந்தது. இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தான். ஒரு விரற்கடை இடைவெளி. எட்டவில்லை. எட்டக் கூடாது என்றுதானே கட்டையாய் வெட்டினான்.

ஊர்காவற்றுறை பஸ் ஒன்று வேகம் குறைத்தது. சாரதி உடைந்த கண்ணாடியையும் கதவால் வழிந்த இரத்தத்தையும் பார்த்தான். வாள்வெட்டு, பொலிஸ், கோட்டு வழக்கு. பஸ் வேகம் எடுத்துப் போனது. மோட்டச்சைக்கிளில் வந்த ஒருவன் நிறுத்தினான், போனை எடுத்துப் படம் பிடித்தான். "படம் எடுக்கிறியோ, நாசமாப் போவானே! அம்புலன்சுக்கு அடியடா!" என்று அன்ரனிட்டா காருக்குள்ளிருந்து கத்திய கத்தில் அவன் வெருண்டு நம்பரை அழுத்தினான். வெளிக்கிட்டுவிட்டார்களாம் என்றான்.

"வயர்த் துண்டு ஒண்டு வேணும்" என்று சசிகரன் அழுதான். "வெட்டுறதுக்கு ஒண்டும் இல்லை. என்னட்டை ஒண்டும் இல்லை."

"அண்ணை" என்றான் சுஜிதன். குரல் தெளிவாய்த்தான் இருந்தது. "கட்டர் என்ரை மடியிலை கிடக்கு. பின்னேரம் கொண்டந்து தருவமெண்டு வைச்சிருந்தனான்."

அன்ரனிட்டா அவன் சாரத்து மடிப்பைத் துழாவி எடுத்து முன்னுக்கு நீட்டினாள். பல் உடைந்த கட்டர், பிடி முழுக்கச் சூடான இரத்தம். சசிகரன் கதவு ஸ்பீக்கருக்குப் போகிற வயரைப் பிய்த்து ஒரு துண்டு வெட்டினான். வழக்கம் போல ஓர் இழை மிஞ்சியது. பல்லால் அறுத்தான். நுனியைச் சீவினான். விரல்களுக்கு வேலை தெரியும்.

"நான் வெட்டின வயர்தானே அண்ணை" என்றான் சுஜிதன் பின்னாலிருந்து. "அதாலைதானே நிண்டது. என்ரை கையாலையே நான்..."

சசிகரன் ஒரு பக்கத்தை முறுக்கிக்கொண்டிருந்தான். பேசாமல் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியவராது.

"இல்லையடா. நீ வெட்டினதிலை ஒண்டுமில்லை. நான்தான். வழியிலை நிக்க வேணுமெண்டுதான் இதை இப்பிடி ஒட்டினனான். அவங்கள் உன்னட்டை வந்து சேரக் கூடாதெண்டு."

பின்சீற்றில் சுஜிதன் சிரித்த மாதிரி ஒரு மூச்சு விட்டான். அவனுக்கு எதையும் கேட்டு முடிக்காவிட்டால் சரிவராது, சின்ன வயதிலிருந்தே அப்படி.

"அப்ப ஏனண்ணை வரேக்கை நிக்கேல்லை?"

சசிகரனின் விரல்கள் நின்றன. அடுத்த கணம் திரும்பவும் முறுக்கத் தொடங்கின.

"பொறு, இந்தா முடியுது" என்றான். "பொறடா, சொல்லுறன். முடிஞ்சுது."

மற்றப் பக்கத்தையும் இழை இழையாய் நெருக்கிச் சுற்றினான். இழுத்துப் பார்த்தான். தன்னை அறியாமலே இரண்டாம் முறையும் இழுத்துப் பார்த்தான். சீற்றில் பாய்ந்து ஏறித் திறப்பைத் திருப்ப, எஞ்சின் உடனே பிடித்தது. தாம்போதியின் மிச்சம், பண்ணைப் பாலம், சந்தி, சிவப்பு லைற், கோன் சத்தம், திட்டின மனிசர், ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. எதிரே சைரனோடு வந்த அம்புலன்ஸைக் கூட அவன் கடந்த பிறகுதான் கண்டான். அந்தக் கேள்வி மட்டும் பக்கத்துச் சீற்றில் ஏறிக் குந்திக்கொண்டு கூட வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காரை ஏற்றி நிறுத்தியபோதுதான் அவனுக்கு வாய் வந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், ஸ்ரேரிங்கைப் பிடித்தபடியே சொன்னான்.

"எனக்குப் பயமாக் கிடந்துதடா. ரெண்டு இழைதான் முதல் விட்டனான். என்னையும் ஏறச் சொன்னாங்கள். வழியிலை நிண்டால் என்னை வெட்டுவாங்களெண்டு பயந்து நாலு இழை விட்டனான். அதுதான் வரேக்கை நிக்கேல்லை."

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அன்ரனிட்டா நீட்டாய் மூச்செறிந்தாள்.

"தம்பி" என்றாள். "அவன் பாலத்திலையே போயிட்டான்."

தள்ளுவண்டியோடு ஓடிவந்தவர்கள் பின்கதவைத் திறந்தார்கள். ஒருவர் உள்ளே குனிந்து, கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, மற்றவரைப் பார்த்தார். பிறகு முன்னுக்கு வந்து சசிகரனின் தோளைத் தொட்டார். காரை ஓரமா நிப்பாட்டும் தம்பி, பின்னாலை வேறை ஆக்கள் வரப்போகினம் என்றார். சசிகரனுக்கு அது விளங்கவில்லை. அவர் இரண்டு முறை சொன்னார். எஞ்சின் ஒரு இடறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.